புதைந்தவரைத் தேட மூன்று கருவிகள்

காஷ்மீரின் குல்மார்க்கில் கேபிள் கார் ஏறினால், அபர்வத் மலையில் ஏறத்தாழ 3,980 மீட்டர் உயரத்தில் கொண்டுபோய் இறக்கிவிடும். அங்கிருந்து கண்காணிப்புள்ள பாதையிலும் சறுக்கி இறங்கலாம். விலகிப் போய், ஆள் தடம் படாத பனியிலும் இறங்கலாம். அபர்வத் சரிவில் 2023 பிப்ரவரி 1 அன்று பனிச்சரிவில் சிக்கி போலந்து நாட்டவர் இருவர் இறந்தார்கள்.

பாதையை விட்டு விலகுவோர் ஒவ்வொருவரிடமும் டிரான்சீவர் எனும் சிக்னல் கருவி, புரோப் எனும் நீண்ட கோல், ஷவல் எனும் மண்வாரி மூன்றும் இருந்தாக வேண்டும். ஒன்று குறைந்தாலும் மற்ற இரண்டால் பெரிதாகப் பயனில்லை.

காரணம் நேரம். சுவிட்சர்லாந்தின் பனிச்சரிவு விபத்துகளை ஆராய்ந்ததில், பத்து நிமிடத்துக்குள் மீட்கப்பட்டவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பிழைத்திருக்கிறார்கள். அரை மணி கடந்தால் பெரும்பாலோர் பிழைப்பதில்லை. மீட்புப் படை வந்து சேர்வதற்குள் அந்த நேரம் போய்விடும். கூட வந்தவர்கள் தோண்டி எடுத்தால்தான் உண்டு.

டிரான்சீவர் 457 கிலோஹெர்ட்ஸில் ஓயாமல் சிக்னல் அனுப்பும். எந்த நிறுவனத்தின் கருவியானாலும் அலைவரிசை ஒன்றுதான். அதைப் பைக்குள் போடக் கூடாது. பனிச்சரிவு பையைப் பிய்த்துக்கொண்டு போய்விடும். ஜாக்கெட்டுக்குள் உடம்போடு வார் போட்டுக் கட்ட வேண்டும். செல்போன் அதிலிருந்து 20 சென்டிமீட்டராவது தள்ளி இருக்க வேண்டும்; தேடும்போது 50.

ஒருவர் புதைந்ததும் மற்ற எல்லோரும் கருவியைத் தேடும் நிலைக்கு மாற்ற வேண்டும். ஒருவர் மறந்தாலும் போச்சு: புதைந்தவரை விட்டுவிட்டு, பக்கத்தில் நிற்பவரையே கருவி காட்டும். திரையில் தூரம் காட்டும் எண் குறையக் குறைய நடையும் மெதுவாக வேண்டும். கடைசி சில மீட்டரில் கருவியைப் பனியை ஒட்டியே நகர்த்த வேண்டும்.

எண் மிகக் குறைந்த இடத்தில் புரோப்பைச் சரிவுக்குச் செங்குத்தாகக் குத்தி, 25 சென்டிமீட்டர் இடைவெளியில் சுற்றிச் சுற்றித் துழாவ வேண்டும். ஆள் தட்டுப்பட்டால் கோலை உருவக் கூடாது. தோண்டுபவருக்கு அதுதான் அடையாளம்.

புதைந்தவரின் தலைக்கு மேல் நின்று தோண்டுவது ஆபத்து. அவர் மூச்சுவிட மிச்சமிருக்கும் இடமும் அமுங்கிவிடும். கோலுக்குக் கீழ்ப்பக்கம், புதைந்த ஆழத்தைப் போல் ஒன்றரை மடங்கு தள்ளி நின்று, உள்நோக்கி வெட்டிப் போக வேண்டும். சரிந்து நின்ற பனி சிமெண்ட் போல் இறுகிவிடுவதால் பிளாஸ்டிக் ஷவல் உடையும், உலோகம்தான் தாங்கும்.

குல்மார்க் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: இவற்றை வாடகைக்கு எடுத்ததோடு நிறுத்தாதீர்கள். வழிகாட்டியிடம் ஒரு டிரான்சீவரைப் பனியில் புதைக்கச் சொல்லி, தேடி எடுத்துப் பழகுங்கள். பனிச்சரிவு எச்சரிக்கை கடுமையாக இருக்கும் நாளில், மூன்றும் கையில் இருந்தாலும் பாதையை விட்டு விலகாதீர்கள்.