பலர் கூடிப் பெறும் குத்தூசி வைத்தியம்



1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவிலே தேயிலை பயிரிட்ட காலந்தொட்டு, கண்டியைச் சூழ்ந்த மலைச்சரிவுகளில் கொழுந்து கொய்யும் பெண்களின் உழைப்பு ஓயவில்லை. கழுத்து நோவும் இடுப்பு நோவும் அவ்வுழைப்போடு சேர்ந்தே வருகின்றன. எமது பாடசாலைக்கு வரும் தாய்மாருட் பலர், வாங்கிலிருந்து எழும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டே எழுகின்றனர்.

அரசாங்க வைத்தியசாலையில் நம்மிடம் கட்டணம் கேட்பதில்லை. அது நாம் பெற்ற பெரும் பேறு. ஆயினும், தெல்தோட்டையிலிருந்து கண்டிக்கு வரும் ஒருத்திக்கு பஸ் கட்டணமும் இழந்த நாட்கூலியும் செலவல்லவா? குத்தூசி வைத்தியமோ ஒரு நாளில் முடிவதன்று. பல வாரங்கள் தொடர்ந்து வரவேண்டும். ஆகவே, ஊசி மலிவாயிருந்தால் மட்டும் போதாது, அண்மையிலும் கிடைக்கவேண்டும்.

இதற்கொரு வழி, பலருக்கு ஒரே மண்டபத்தில் சிகிச்சை அளிப்பது. ஊசிகளை ஏற்றச் சில நிமிடங்களே செல்லும். பின்னர் நோயாளி இருபது முப்பது நிமிடங்கள் அமைதியாக இருக்கவேண்டும். அந்நேரத்தில் வைத்தியர் அடுத்தவரிடம் செல்லலாம். முழங்கைக்குக் கீழும் முழங்காலுக்குக் கீழும் காதிலும் ஊசியேற்றுவதால் ஆடை களையவேண்டியதில்லை, நாற்காலியே போதும்.

இது நமக்குப் புதியதன்று. களுபோவிலையிலுள்ள கொழும்பு தெற்கு வைத்தியசாலையில், காலஞ்சென்ற வைத்திய கலாநிதி அன்ரன் ஜயசூரிய பெருந்தொகையான நோயாளருக்கு இலவசமாக இவ்வைத்தியத்தை அளித்தார். பிறநாட்டு வைத்தியரும் அங்கு வந்து பயின்றனர். நியூயோர்க்கின் லிங்கன் வைத்தியசாலையில் 1970களில் போதைப்பழக்கத்துக்கு ஆளானோர் ஒன்றாக அமர்ந்து காதில் ஊசி ஏற்றிக்கொண்டனர். அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில் 2002இல் தொடங்கிய ஒரு நிலையம், வருமானச் சான்று கேளாது, அவரவர் இயன்றதைக் கொடுக்கும் முறையை வகுத்தது.

இதனை எல்லா நோய்க்கும் மருந்தென்று எண்ணலாகாது. நாட்பட்ட நோவுக்கு ஓரளவு பயன் உண்டென்று ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. பாவனை ஊசியுடன் ஒப்பிடும்போது அவ்வேறுபாடு சிறியதே. இங்கிலாந்தின் சுகாதார வழிகாட்டு நிறுவனம் 2021இல் நாட்பட்ட முதன்மை நோவுக்கு இதனைக் கருத்திற்கொள்ளலாமென்று கூறியபோதும், சமூக மட்டத்திலேயே, செலவு வரம்புக்குள் அளிக்கவேண்டுமென்று நிபந்தனை விதித்தது. நெஞ்சு நோவு, காய்ச்சல், காரணமின்றி உடல் மெலிதல் ஆகியன கண்டால் முதலில் வைத்தியசாலைக்கே செல்லவேண்டும். ஒருவருக்கு ஏற்றிய ஊசியை மற்றொருவருக்கு ஏற்றுதல் கூடவே கூடாது. ஈரல் அழற்சிக் கிருமி அவ்வழியே பரவும். கூட்டமாகச் செய்யும்போது இவ்விழிப்பு இருமடங்காக வேண்டும்.

ஆதலின் நான் வேண்டுவது பெரிய கட்டடமன்று. வாரத்தில் ஒரு நாள், வேலை முடிந்த மாலை வேளையில், தோட்டத்துக்கு அண்மையிலுள்ள ஒரு பொதுமண்டபம், முறையாகப் பயின்ற ஒரு வைத்தியர், துணைக்கு ஒரு தாதி, பத்து நாற்காலிகள், பயன்படுத்திய ஊசிகளை இடுவதற்குத் துளைபடாத பெட்டி. பாடசாலை மண்டபங்கள் மாலையில் வெறுமையாகவே கிடக்கின்றன. சுகாதாரப் பகுதியினர் இசைந்தால் அவற்றின் கதவைத் திறந்துவிடுதல் எம்போன்ற அதிபர்களுக்கு அரிதன்று.

பத்துப் பேர் ஒன்றாக அமரும்போது, நோவு தமக்கு மட்டும் விதிக்கப்பட்டதன்று என்பதையும் அவர்கள் உணர்வார்கள். பொறுத்துக்கொள்வதே பெண்ணுக்கு அழகென்று சொல்லிப் பழகிய நமக்கு, அவ்வுணர்வு ஒரு நல்ல தொடக்கமாகும்.