குஷ்பு இட்லியும் ஃபில்டர் கன்னமும்



பூந்தமல்லியைத் தாண்டி பெங்களூரு நெடுஞ்சாலையில் போனால் ஈவிபி ஃபிலிம் சிட்டி வரும். 'பிக் பாஸ்' தமிழ் வீட்டின் செட் போட்ட இடம் அது. லைட், மேக்கப், கேமரா கோணம், எடிட்டிங் என்று பலர் பாடுபட்டுத்தான் ஒரு முகம் திரைக்கு வருகிறது. அங்கிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, ஆவடி லோக்கல் ரயிலின் மகளிர் பெட்டியில், வேலை முடிந்து திரும்பும் பெண் செல்ஃபி எடுக்கிறாள். யாரும் பாடுபடவில்லை, ஃபில்டரே கன்னத்தை ஒடுக்கிவிடுகிறது. வீட்டுக் கண்ணாடியில்தான் சிக்கல். அங்கே கன்னம் பழையபடி இருக்கிறது.

ஒல்லிதான் அழகு என்பது நம் ஊர் வழக்கமா? 'பூசினாற்போல இருக்கிறாள்' என்பது இங்கே பாராட்டு. 1990-களில் நடிகை குஷ்புவுக்குத் திருச்சியில் ரசிகர்கள் கோயிலே கட்டினார்கள். பஞ்சுபோல உப்பி வரும் இட்லிக்கு அவர் பெயரையே வைத்தார்கள். அம்பத்தூரில் எந்த மாவுக் கடையில் கேட்டாலும் குஷ்பு இட்லி தெரியும்.

2025 நவம்பருக்கு வருவோம். சென்னையில் 'அதர்ஸ்' படத்தின் பத்திரிகையாளர் சந்திப்பு. படத்தின் ஒரு பாடலில் கதாநாயகன், நாயகி கௌரி கிஷனைத் தூக்குகிறார். கௌரி எவ்வளவு வெயிட் என்ற கேள்வி வந்தது, அதுவும் கதாநாயகனிடம். "இது உருவக்கேலி" என்று கௌரி கிஷன் நேருக்கு நேர் மறுத்துப் பேசினார். அரங்கில் அவருக்காக யாரும் வாய் திறக்கவில்லை. கேள்வியைவிட அந்த மௌனம்தான் கசந்தது.

திரையில் பார்க்கும் உருவங்கள் மட்டுமே ஒரு ஊரின் ரசனையை மாற்றிவிடுமா? பிஜித் தீவில் நடந்ததைப் பாருங்கள். நன்றாகச் சாப்பிட்டுத் திடமாக இருப்பதே அங்கும் அழகு. நட்ரோகா பகுதிக்கு 1995-இல் டிவி வந்தது. எடை குறைக்க வாந்தி எடுக்கும் பள்ளி மாணவி அப்போது ஒருத்தியும் இல்லை. 1998-இல் நூற்றுக்குப் பதினொரு பேர் அப்படிச் செய்வதாகச் சொன்னார்கள். ஆய்வு செய்தவர் ஹார்வர்டின் ஆன் பெக்கர்.

நிஜ உடம்பு வேறு திசையில் போகிறது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 40 பேர் அதிக எடை உள்ளவர்கள். சர்க்கரை, பிரஷர் என்று டாக்டர் பேச வேண்டிய விஷயம் இது. கல்யாண வீட்டுப் பந்தியில் பேசுவதற்கல்ல.

அத்தைமார்களே, சித்திமார்களே, வரும் பொங்கலுக்கு வாசலில் நிற்கும் பெண்ணிடம் "என்னடி, இப்படி வெயிட் போட்டுட்டே?" என்று ஆரம்பிக்காதீர்கள். "சாப்பிட்டியா?" என்று கேளுங்கள்.