பார்ப்பவரைப் பார்க்கும் திரை

திருவல்லிக்கேணியில் 1904ஆம் ஆண்டில் ஒரு கூட்டுறவுப் பண்டகசாலை தோன்றியது. அரிசியும் பருப்பும் வாங்குகின்ற மக்களே அதன் பங்குதாரர்கள். கடை எவ்வாறு நடைபெறுகிறது என்று கேட்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. அந்த ஏற்பாட்டின் உட்பொருள் இன்று வேறொரு துறையிலும் நமக்கு வேண்டியிருக்கிறது.

இதே பேட்டையின் மேன்ஷன்களில், சிறு அறையொன்றைப் பலர் பகிர்ந்துகொண்டு, போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்களை நான் நாள்தோறும் காண்கிறேன். கைப்பேசித் திரையே அவர்களுள் பலருக்கு ஆசிரியர். 2005ஆம் ஆண்டில் பிறந்த யூடியூபில் அவர்கள் கணக்குப் பாடம் கேட்கிறார்கள். பிறரிடம் சொல்ல நாணும் நோயைப் பற்றியும், உறக்கம் வராத இரவில் மனச்சோர்வைப் பற்றியும் அங்கேயே தேடுகிறார்கள். அறையில் உடனிருப்பவர் அறியாததை அத்தளம் அறிந்துகொள்கிறது. எதைத் தேடினோம், எதை எவ்வளவு நேரம் பார்த்தோம் என்னும் குறிப்புகள் அடுத்த காணொலியையும் விளம்பரத்தையும் தேர்ந்தெடுக்க உதவுகின்றன.

அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று நமது உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24ஆம் நாள் ஏகமனதாகத் தீர்ப்பளித்தனர். உரிமை இருந்தால் போதுமா? அதைக் கையாளக் கருவியும் வேண்டுமன்றோ? அத்தகைய கருவிகள் சிலவற்றைத் தன்னார்வலர்கள் இயற்றி, அவற்றின் மூலநிரலை எவரும் படிக்கும்படி வெளியிட்டிருக்கிறார்கள்.

ஆண்ட்ராய்டு கைப்பேசிக்கு நியூபைப், கணினிக்கு ஃப்ரீடியூப். இவற்றில் காணொலி பார்க்கக் கணக்குத் தொடங்கவேண்டுவதில்லை. நாம் பின்தொடரும் பட்டியலும், பார்த்தவற்றின் வரலாறும் நம் கருவியிலேயே தங்குகின்றன. மூன்றாவது, இன்விடியஸ். இதில், நமக்கும் யூடியூபுக்கும் நடுவே வேறொரு வழங்கிக் கணினி நின்று, நாம் கேட்டதை வாங்கித் தருகிறது.

ஆயினும் இவை ஆளையே மறைக்கும் மாய மை அல்ல. முதலிரண்டும் இயல்பாக யூடியூபின் வழங்கிகளை நேரே நாடுவதால், நமது இணைய முகவரி அங்கே தெரியும். இன்விடியஸில் காணொலியையும் நடுவழங்கி வழியாகவே வரச்செய்தால் முகவரி மறையும். ஆனால் அவ்வழங்கியை நடத்துவோர் நாம் பார்ப்பதை அறியக்கூடும். யூடியூப் தன் அமைப்பை மாற்றும்போது இக்கருவிகள் பழுதுபட்டு நிற்பதும் உண்டு. இவ்வழியை யூடியூபின் விதிகள் ஏற்பதில்லை. விளம்பரம் தோன்றாமையால், பாடம் நடத்தியவரின் வருவாயும் குறைகிறது. இவற்றை ஒப்பாதவர், யூடியூபின் அமைப்புகளிலேயே பார்வை வரலாற்றைப் பதியாமல் நிறுத்திவைக்கலாம். அதுவும் ஓரளவு பயனுடையதே.

அப்படியாயின் திறந்த மூலநிரலின் சிறப்பு யாது? எவரையும் நம்பாமல் வாழ இயலாது. ஆனால், பூட்டிய பெட்டியை நம்புவதும், திறந்து காட்டிய பெட்டியை நம்புவதும் ஒன்றல்ல. கூட்டுறவுச் சங்கத்தின் கணக்கை எல்லா உறுப்பினரும் கூட்டிப் பார்ப்பதில்லை. பார்க்கத் தெரிந்த சிலர் இருக்கிறார்கள், அவர்களைத் தடுப்பாரில்லை என்பதே மற்றவர்க்குக் காப்பு. மூலநிரலும் அவ்வாறே.

கணினி பயிலும் மாணவர்களே, அந்தச் சிலராக நீங்கள் ஆகுங்கள். ஏனையோர், எந்தக் கருவியை எடுத்தாலும், “இதில் என்னை அறிபவர் யார்?” என்னும் ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு எடுங்கள்.