பெட்டியின் சாவி யாரிடம்?

பள்ளி மாணவர் மனநலம் பற்றிப் பேச்சு எழுந்தாலே ‘ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுங்கள்’ என்றுதான் முடிக்கிறோம். பயிற்சி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதோடு கடமை தீர்ந்தது என்று ஓய்ந்துவிடுவதைத்தான் மறுக்கிறேன்.

பீகாரின் நாலந்தா மாவட்டத்தில் 74 அரசுப் பள்ளிகளில் நடந்த ‘சேஹர்’ ஆய்வு 2018இல் லான்செட் இதழில் வெளியானது. சில பள்ளிகளில், உளவியல் வல்லுநர் அல்லாத ஒருவரைப் பயிற்றுவித்து, மாணவர் நல வேலைக்கென்றே அமர்த்தினார்கள். வேறு சிலவற்றில் அதே வேலையைப் பள்ளி ஆசிரியர் ஒருவரிடம் ஒப்படைத்தார்கள். சுவரிதழ், குறைகளை எழுதிப் போடும் பெட்டி, தனியே அமர்ந்து பேசுதல் என எல்லாம் இரண்டிலும் ஒன்றே. தனி ஆள் இருந்த பள்ளிகளில் சூழல் மேம்பட்டது; மனச்சோர்வும் சக மாணவரைச் சீண்டித் துன்புறுத்துவதும் குறைந்தன. ஆசிரியர் நடத்திய பள்ளிகளில் குறிப்பிடத்தக்க பலன் இல்லை. பத்து ஐரோப்பிய நாடுகளில் 168 பள்ளிகளை உட்படுத்தி 2015இல் வெளியான ஆய்விலும், அபாய அறிகுறிகளைக் கண்டுகொள்ள ஆசிரியர்களைப் பயிற்றியதால் தற்கொலை முயற்சிகள் குறைந்ததாகத் தெரியவில்லை. மாணவர்களையே பேசவும் நடித்துப் பார்க்கவும் வைத்த முறைதான் குறைத்தது.

இதை ஆசிரியர்களின் குறையாக நான் பார்க்கவில்லை. பாடம், விடைத்தாள், தேர்தல் பணி, கணக்கெடுப்பு எல்லாம் போக அவர்களுக்கு எஞ்சும் நேரம் எவ்வளவு? நேரத்தைவிடப் பெரிய சிக்கல் அதிகாரம். மதிப்பெண் போடுபவரிடம், வீட்டுக்குத் தகவல் சொல்பவரிடம் ஒரு பிள்ளை மனம் திறப்பது எளிதல்ல. நம் பள்ளிகளில் ‘மாணவர் மனசு’ பெட்டி வைத்திருக்கிறோம், நல்ல ஏற்பாடு. ஆனால் அதன் சாவி ஆசிரியர் அறையிலேயே தொங்கினால், ஓர் ஆசிரியரைப் பற்றிய புகாரை எந்தப் பிள்ளை எழுதிப் போடும்?

பிள்ளையை அன்றாடம் பார்ப்பவர் ஆசிரியர்தானே என்பார்கள். உண்மை. முகவாட்டத்தை முதலில் கவனிப்பவர் அவராகவே இருக்கட்டும். கேட்பவர் இன்னொருவராக இருக்க வேண்டும். இத்தனை பள்ளிகளுக்கு உளவியலாளர்கள் எங்கே என்ற கேள்வி கனமானது. நாலந்தாவில் பலன் தந்தவர்களே வல்லுநர்கள் அல்லர் என்பது அதற்குப் பாதி விடை. மறுபாதி, அவர்களால் கையாள முடியாத பிள்ளைகளை மாவட்ட மனநலத் திட்ட மருத்துவரிடம் தாமதமின்றிக் கொண்டு சேர்க்கும் வழி. அந்த வழி இல்லாத இடத்தில் ஆலோசகரை மட்டும் உட்காரவைப்பது ஆபத்து. ‘எங்கள் காலத்தில் இதெல்லாம் ஏது’ என்பவர்களுக்கு ஒன்று மட்டும்: அந்தக் காலத்தில் இதைப் பெரும்பாலும் யாரும் கணக்கெடுக்கவில்லை.

2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், நூறு பேரோ அதற்கு மேலோ படிக்கும் கல்வி நிறுவனங்கள் தகுதிபெற்ற ஆலோசகர் ஒருவரையாவது அமர்த்த வேண்டும் என்றது. பணியாளர் அனைவருக்கும் ஆண்டுக்கு இருமுறை பயிற்சி வேண்டும் என்றும் சொன்னது. இரண்டாவது மலிவானது, புகைப்படத்தோடு கோப்பில் சேர்த்துவிடலாம். முதலாவதுக்குச் சம்பளம் தர வேண்டும். எது நிறைவேறுகிறது, எது காகிதத்தில் கிடக்கிறது என்பதைக் களத்திலிருந்து வந்திருப்பவர்கள் பள்ளிவாரியாகச் சொல்லுங்கள். முதல் கட்டுரையாளரை அழைக்கிறேன்.