புதையலும் கள்ளாமையும்



2015-இல் இங்கிலாந்தின் ஹெர்ஃபோர்ட்ஷயர் வயலொன்றில், உலோகம் காட்டும் கருவியோடு பொழுதுபோக்காகத் தேடிய இருவர் வைக்கிங் காலப் புதையலைக் கண்டனர். 14 நாள்களுக்குள் அறிவித்தல் அந்நாட்டுச் சட்டம். முறைப்படி அறிவித்தோர்க்குப் பரிசுத்தொகையும் உண்டு. அவர்களோ மறைத்து விற்றனர், 2019-இல் சிறைப்பட்டனர். ஏறக்குறைய 300 எனக் கணிக்கப்பட்ட காசுகளுள் பெரும்பாலானவை இன்றும் மீளவில்லை.

மீண்ட சில காசுகள், பிற்கால ஏடு இழித்துரைத்த மெர்சிய மன்னர் செயோல்வுல்ஃப், ஆல்ஃபிரெடு மன்னரின் நட்பரசராய் விளங்கினார் என அறிஞர் கருதுவதற்குச் சான்றாயின. எஞ்சியவை எதனைக் கூறியிருக்குமோ, அறிவார் இலர்.

பிறர் கொடாததைக் கொள்ளாமை இல்லறத்தார்க்குரிய அணுவிரதம். களவுப் பொருளை விலைக்கு ஏற்றலும் அவ்விரதத்திற்கு மாசு. பழம்பொருளை இல்லத்தில் சேர்ப்போர், அது வந்த வழியை முதலில் வினவுதல் வேண்டும். வாங்குவோர் இலராயின், தோண்டி மறைப்போரும் இலராவர்.