கைப்பேசியில் வரும் அறிவிப்பு



கோவில் திருவிழா, கூட்டுப்பணி, தமிழ்ப்பள்ளியின் முதலாம் ஆண்டுப் பதிவு என எல்லா அறிவிப்புகளையும் இன்று நாம் வாட்ஸ்அப்பிலும் முகநூலிலும் படமாக அனுப்புகிறோம். முன்பு பெரட்டுக் களத்தில் ஒருவர் உரக்கச் சொல்வார். காதில் விழாதவர் மறுபடி கேட்டுக்கொள்வார். படம் மறுபடி சொல்லாது.

பள்ளிப் பதிவு அறிவிப்பையே பாருங்கள். சின்னம், தலைவர்களின் படங்கள் ஐந்தாறு, பூ வேலைப்பாடு, நடுவே வாழ்த்து. பதிவின் இறுதி நாளோ அடியில் எறும்பு ஊர்வது போல் இருக்கிறது! மரம் சீவிவிட்டு வரும் தாய்க்கு, வெயிலில், சிறிய கைப்பேசியில் அது தெரியுமா? முப்பது மாணவர்கள்கூட இல்லாத தமிழ்ப்பள்ளிகள் நம் நாட்டில் பல உண்டு. அங்கே ஒரு பிள்ளை குறைந்தாலும் குறைவுதான்.

ஆகவே நாள், நேரம், இடம், தொலைபேசி எண் ஆகியவற்றை முதலில் பெரிதாக எழுதுவோம். மீந்த இடத்தில் அலங்காரம் செய்யலாம். மஞ்சள்மேல் வெள்ளை எழுத்து வெயிலில் மறைந்துவிடும். கருநீலத்தின்மேல் வெள்ளை நன்கு தெரியும்.

தமிழ் எழுத்துக்குத் தனிக் கவனம் வேண்டும். வரிகளை நெருக்கினால் மேல்வரியின் ‘மூ’வும் கீழ்வரியின் ‘வீ’யும் முட்டிக்கொள்ளும். சில செயலிகளில் ‘கொ’ என்பது கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கமாகப் பிரிந்துவிடும். தமிழ் எழுத்துரு இல்லையென்றால் வெறும் கட்டங்களே வரும். அனுப்புமுன் வீட்டுப் பாட்டியிடம் காட்டி, “எந்த நாள், பாட்டி?” என்று கேட்போமே!

படத்தின் கீழே அதே விவரத்தைத் தட்டச்சு செய்தும் அனுப்புவோம். கண் மங்கியவருக்குக் கைப்பேசியே அதை வாசித்துக் காட்டும். எண்ணைத் தொட்டால் அழைக்கவும் முடியும்.