நீரில் சமநீதி
(வெள்ளி விழா இளைஞர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

கல்விக் கழகத்தின் வெள்ளி விழாவில் நீச்சற் போட்டியைப் பற்றிப் பேசுவது ஏன் என்று சிலர் வியக்கலாம். உதவித்தொகை, விடுதி, வேலைவாய்ப்பு ஆகியவையன்றோ நமக்குரிய பொருள்கள் என்று கேட்கலாம். ஆயினும் கல்லூரி வாழ்வில் நம் பெண் மக்களுக்குக் கிடைக்கும் பங்கு எவ்வளவு என்பதை அளந்தறிய நீச்சலைப் போன்ற அளவுகோல் வேறில்லை. ஓடுவதற்குத் தெரு போதும். பந்தாடுவதற்குப் பொட்டல் போதும். நீந்துவதற்கோ நீர் வேண்டும். அந்த நீரை யார் தொடலாம், யார் தொடலாகாது என்பதே நம் மக்களின் நெடிய வரலாறாக இருந்தது.

நம் செங்கற்பட்டுச் சீமையில், கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் அவர்கள், பொதுச் சாலைகளும் கிணறுகளும் குளங்களும் ஆதிதிராவிடர்க்கும் உரியவை என்னும் தீர்மானத்தை 1924-ஆம் ஆண்டு சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்து நிறைவேறச் செய்தார். பம்பாய் மாகாணத்தில் 1923-இலேயே அத்தகைய தீர்மானம் நிறைவேறியிருந்தது. இருந்தும் மகாத் நகரின் சவுதார் குளத்து நீரை நம்மவர் அள்ள முடியவில்லை. 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் தலைமையில் மக்கள் திரண்டு சென்று அந்நீரைப் பருகினர். அதன் பின்னும் வழக்கு நீண்டது. 1937-இல்தான் உயர்நீதிமன்றத் தீர்ப்பு நமக்குச் சாதகமாக வந்தது. தாளில் எழுதிய உரிமைக்கும் தடையின்றி அள்ளிய நீருக்கும் இடையே பதினான்கு ஆண்டுகள்! இதனை மனத்திற் கொள்ள வேண்டுகிறோம்.

பின்னர் வந்த அரசியலமைப்புச் சட்டத்தின் 15-ஆவது பிரிவை நம் இளைஞர்கள் ஊன்றிப் படிக்க வேண்டும். அரசுப் பணத்தால் பேணப்படும் கிணறு, குளம், நீராடு துறை ஆகியவற்றைப் பயன்படுத்துவதில் எந்தக் குடிமகனுக்கும் தடை கூடாது என்று அது விதிக்கிறது. எவற்றைக் காரணம் காட்டித் தடுக்கலாகாது? மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் என்று வரிசையாகச் சொல்கிறது. சாதியும் பாலும் ஒரே வரியில் நிற்கின்றன. சாதித் தடைக்கு எதிராக அவ்வரியை எடுத்துக்காட்டும் நாம், பால் தடைக்கு வரும்போது கண்ணை மூடிக்கொள்ளலாமா?

இனி நம் வட்டாரத்தை நோக்குவோம். சேலையூர், செம்பாக்கம், சிட்லபாக்கம் முதலிய ஊர்கள் ஏரிகளைச் சுற்றி அமைந்தவை. அந்நாளில் ஆண் பிள்ளைகள் ஏரியிலும் வயற்கிணற்றிலும் காசு செலவின்றி நீந்தக் கற்றனர். பெண் பிள்ளைகளோ துணி துவைத்துக் குடம் நிரப்பிக் கரையோடு நின்றனர். நகரம் வளர்ந்தது, ஏரிக்கரையில் வீடுகள் பெருகின, கழிவுநீர் கலந்தது. இலவசமாகக் கிடைத்த நீர் மறையவே, நீச்சல் பணம் கேட்கும் கலையாயிற்று.

1995-ஆம் ஆண்டுத் தெற்காசிய விளையாட்டுப் போட்டிகளுக்காக வேளச்சேரியில் பெரிய நீச்சல் குளம் எழுந்தது. தென்சென்னைக்கு அது பெரும்பேறே. ஆயினும் தாம்பரத்துப் பக்கத்திலிருந்து ஒரு மாணவி நாள்தோறும் பயிற்சிக்குச் செல்வதாக வைத்துக்கொள்வோம். குளத்துக் கட்டணம், பயிற்சியாளர் ஊதியம், நீச்சலுடை, தொப்பி, கண்ணாடி, பேருந்துச் செலவு, பயிற்சிக்குப் பின் பசிக்கு உணவு ஆகிய அத்தனையும் வேண்டும். விடியுமுன் புறப்பட்டால் துணைக்கு ஓர் ஆள் வேண்டும். துணைக்கு வரும் தாய் கூலி வேலை செய்பவளாயின் அன்றையக் கூலியில் ஒரு பகுதி போயிற்று. ஆண் பிள்ளைக்கு இல்லாத இச்செலவு எந்தக் கல்லூரியின் கணக்கிலும் ஏறுவதில்லை. ஏழைத் தாயின் மடியில் விழுகிறது.

கல்லூரியில் சேரும்போது ஆணும் பெண்ணும் விளையாட்டுக் கட்டணம் செலுத்துகின்றனர். பெண் என்பதற்காக அதில் ஒரு ரூபாயும் குறைப்பதில்லை. உண்டியலில் போடும்போது சமம். எடுத்துச் செலவிடும்போது சமமா? ஆடவர் அணிக்குப் பயணப்படி எவ்வளவு, மகளிர் அணிக்கு எவ்வளவு? பயிற்சியாளர் யாருக்கு எத்தனை மணி நேரம்? இவற்றை வினவுதல் அடங்காமையன்று, உரிமையாகும். அரசுக் கல்லூரியிலும் அரசு மானியம் பெறும் கல்லூரியிலும் கணக்கைக் கேட்டுப் பெற 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் துணை நிற்கிறது.

"பெண்கள் முன்வருவதில்லையே, யாருக்காகச் செலவிடுவது?" என்பர் சிலர். நம் குழந்தைகளுக்குப் பள்ளி திறக்கக் கேட்டபோதும் இதே மறுமொழிதான் கூறினர். ஒலிம்பிக்கில் ஆடவர் 1896 முதல் நீந்தினர். மகளிர்க்கு 1912-இல்தான் இடம் கிடைத்தது. ஆடவர்க்கு 1908 முதல் இருந்த 1500 மீட்டர் போட்டி, மகளிர்க்கு 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில்தான் வந்தது. அதற்குள் பெண்கள் கடலையே கடந்துவிட்டனர்! வங்கத்து ஆரத்தி சாஹா 1959-இலேயே ஆங்கிலக் கால்வாயை நீந்தினார். சென்னையில் நீந்தக் கற்ற நிஷா மில்லட் 2000-ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் இந்தியாவின் சார்பில் நீந்தினார். கதவு திறந்தால் வருவோர் உளர் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

அமெரிக்க நாட்டில் 1972-ஆம் ஆண்டு ஒரு சட்டம் வந்தது. அரசுப் பணம் பெறும் கல்வி நிலையங்கள் பால் வேறுபாடு காட்டலாகாது என்பது அதன் சாரம். அதன் பயனாய்க் கல்லூரி மகளிர் விளையாட்டு பெரிதும் வளர்ந்தது. ஆனால் 1993-இல் இல்லினாய் பல்கலைக்கழகம், செலவைக் குறைக்க வேண்டி, ஆடவர் நீச்சல் அணியைக் கலைத்து மகளிர் அணியை வைத்துக்கொண்டது. ஆடவர் வழக்காடினர், 1994-இல் மேல்முறையீட்டிலும் தோற்றனர். அங்கே பெரும் பொருள் விழுங்கும் கால்பந்து அணிக்கு ஒரு குறையும் நேரவில்லை. நீந்துவோர் இருசாராரும் ஒருவரையொருவர் நோக, பெரிய பானை அசையாமல் இருந்தது. தங்கையின் தட்டில் விழுந்த சோற்றைப் பார்த்து அண்ணன் பொருமினால், பானை யார் கையில் என்ற கேள்வி மறந்துபோகும். நம் இளைஞர்களுக்கு இது பாடமாகட்டும்.

பிறரிடம் நீதி கேட்போர் தம் வீட்டில் அதனை முதலில் நிலைநாட்ட வேண்டும். ஆதலின் நம் கழகத்தின் முன் நான்கு கருத்துகளை வைக்கிறோம்.

முதலாவது, கழகம் விளையாட்டுக்கு ஒதுக்கும் தொகையில் சரிபாதி பெண்களுக்கு என எழுதி வைப்போம். அவ்வாண்டு விண்ணப்பம் குறைந்தால் அத்தொகையைப் பிற செலவுக்குத் திருப்பாமல் அடுத்த ஆண்டுக்கு அவர்களுக்கே வைப்போம். இரண்டாவது, வென்ற பின் பரிசளிப்பதைக் குறைத்து, வெல்லுமுன் உதவுவோம். வெற்றிக்குப் பின் தரும் கோப்பை, வெல்லும் வசதி முன்பே இருந்தவர்க்குத்தான் போய்ச் சேரும். மூன்றாவது, பேருந்துச் செலவையும் துணையாள் செலவையும் உதவித்தொகைக் கணக்கில் சேர்ப்போம். நான்கைந்து மாணவியரைக் குழுவாக அனுப்பினால் தாய்மாரின் கூலி மிஞ்சும். நான்காவது, பணத்தைப் பகிரும் குழுவில் பெண்கள் பாதிப் பேராவது அமரட்டும். தமக்குரிய பங்கைத் தாமே முடிவு செய்யட்டும்.

"இருப்பதே கொஞ்சம், முதலில் பையன்கள் முன்னேறட்டும்" என்ற குரல் நம்மிடையே எழும் என்பதை அறிவோம். கொஞ்சமாக இருப்பதனாலேயே பங்கீடு நேர்மையாக இருத்தல் வேண்டும். பஞ்ச காலத்தில்தான் படியின் அளவு தெரியும். அன்றியும் நீச்சல் வெறும் பந்தயப் பொருளன்று. நீரில் தவறி விழுந்தால் உயிர் காக்கும் வித்தை. மழை வெள்ளம் சூழும் புறநகரில் வாழும் நாம் அதனை மகனுக்கு மட்டும் கற்பித்து மகளைக் கரையில் நிறுத்துதல் அறமாகாது.

ஒரு குளத்து நீரைப் பருகுவதற்கே ஊர்வலம் சென்ற மக்களின் வழிவந்தோர் நாம். அந்த உரிமையில் நம் பெண் மக்களின் பாதியைக் கழகத்தின் கணக்குப் புத்தகத்தில் இவ்வாண்டே எழுதுவோம்.